மறைத்து வைத்த ஆயுதமும் அதைத் தேடும் கருவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நுழைவாயிலில் நிற்கும் மெட்டல் டிடெக்டர் சட்டகத்தின் வழியே நடக்கும்போது ஒரு நாள் மணி ஒலிக்கிறது, மறுநாள் ஒலிப்பதில்லை. நான் அணிந்திருப்பதோ அதே பெல்ட், அதே காலணி. இந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். சட்டகத்தின் பக்கப் பலகைகளுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. இன்றுள்ள பல கருவிகளில் அவற்றின் வழியே மிகக் குறுகிய மின்துடிப்புகள் அடுத்தடுத்துச் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; துடிப்பு நின்றவுடன் அந்தப் புலம் சரிந்து மறைய வேண்டும். ஆனால் நடுவே ஓர் உலோகப் பொருள் இருந்தால், அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, தனக்கென ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்கி, அந்தச் சரிவைச் சில மைக்ரோநொடிகள் நீட்டித்துவிடுகிறது. அந்த நீட்டிப்பு, வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் மணி ஒலிக்கும். ஒரே பெல்ட்டின் கொக்கி, புலத்துக்கு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, எந்தப் பலகைக்கு அருகில் செல்கிறது என்பதைப் பொறுத்து வரம்பைத் தாண்டவும் கூடும், தாண்டாமல் போகவும் கூடும். அந்த வரம்பை வைப்பவரும் ஒரு மனிதரே. வரிசை நீளும்போது உணர்திறனைக் குறைத்து வைத்தால், அன்று மணி ஒலிக்காததற்கு அதுவே காரணமாகிவிடும்.

இந்த முறையின் வேர் மிகப் பழையது. 1881இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், உடலுக்குள் இருந்த குண்டைத் தேடுவதற்கு இதே தூண்டல் தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்தார். அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் அதைக் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை. தேடும் உலோகத்தையும் சுற்றியுள்ள உலோகத்தையும் பிரித்தறிவது எப்படி என்ற அன்றைய சிக்கலோடுதான் பொறியாளர்கள் இன்றும் போராடுகிறார்கள்.

கேள்வி: உலோகமே இல்லாத ஆயுதத்தையும் வெடிபொருளையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உடல் ஸ்கேனர்கள் ஆடையின்றி நம்மைக் காட்டுகின்றன என்பது உண்மையா?

பதில்: 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்து ஏறினார். அது சரியாக வெடிக்காததால் விமானத்தில் இருந்தவர்கள் உயிர் தப்பினர். உலோகத்தை மட்டும் தேடும் கருவி இத்தகைய பொருளுக்கு முன்னால் ஊமைதான். அதன்பிறகே மில்லிமீட்டர் அலை ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின.

கண்ணாடிக் கூண்டு போன்ற இந்த ஸ்கேனர்களில் பல, 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. இவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், அதாவது 10 மில்லிமீட்டர். இந்த அலைகள் துணியை எளிதில் கடந்துவிடும். தோலில் உள்ள நீர் அவற்றைப் பெரிதும் திருப்பி அனுப்பிவிடும். தோலுக்கும் துணிக்கும் இடையே பிளாஸ்டிக், பீங்கான், மாவு போன்ற எது இருந்தாலும், திரும்பி வரும் அலையின் வலிமையும் நேரமும் மாறுகின்றன. அந்த மாற்றங்களிலிருந்து கணினி ஒரு முப்பரிமாணப் படத்தை உருவாக்குகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. தொடக்கக் காலக் கருவிகள் உடலின் வடிவத்தையே திரையில் காட்டின. அதற்கு எழுந்த எதிர்ப்பும் சரியானதே. இப்போது பெரும்பாலான இடங்களில் மென்பொருளே படத்தை ஆராய்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு மனித உருவக் கோட்டுச் சித்திரத்தில், ஐயத்துக்குரிய இடத்தை மட்டும் சிறு கட்டமிட்டுக் காட்டுகிறது. இடுப்பருகே கட்டம் விழுந்தால், பணியாளர் அந்த இடத்தை மட்டும் சோதிப்பார். இருப்பினும், துணி மடிப்பும் வியர்வையும் கூட அந்தக் கட்டத்தை வரவழைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தன்மேல் தவறு எதுவும் இல்லாமலேயே ஒருவர் நிறுத்தப்படுகிறார் என்ற உணர்வோடு சோதனை நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இவற்றால் உடலுக்குக் கேடு உண்டா?

பதில்: மில்லிமீட்டர் அலைகள் அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இல்லாதவை, ஸ்கேனரில் பயன்படும் திறனும் மிகக் குறைவு. எக்ஸ் கதிரைப் பின்சிதறச் செய்து படமெடுத்த வேறொரு வகை ஸ்கேனரும் இருந்தது. அதில் ஒரு சோதனைக்கான கதிரளவு ஏறத்தாழ 0.1 மைக்ரோசீவர்ட்டுக்குள் இருந்தது. இயற்கையாகவே நாம் அரை மணி நேரத்துக்குள் பெறுகிற அளவுதான் அது. ஆனாலும், தேவையற்ற கதிர் எதற்கு என்ற கேள்வியால் ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அதை விமான நிலையங்களில் அனுமதிக்கவில்லை. அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து 2013இல் அது அகற்றப்பட்டதற்குக் காரணம் வேறு: உடல் உருவத்தை மறைக்கும் மென்பொருளை உரிய காலத்துக்குள் அதில் சேர்க்க முடியவில்லை.

கேள்வி: இராணுவச் சோதனைச் சாவடியில் ஒருவர் நெருங்கி வருவதற்கு முன்பே, 50 மீட்டர் தொலைவில் அவரிடம் ஆயுதம் இருப்பதை அறிய முடியுமா?

பதில்: இராணுவத்துக்கு வேண்டியது அதுவே. வெடிகுண்டு கட்டிய ஒருவரைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்டுபிடிப்பதால் பயன் குறைவு. ஆனால் இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. எடுத்துக்காட்டாக, 94 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். 1 மீட்டர் அகலமுள்ள அலைவாங்கியைக் கொண்டு 10 மீட்டர் தொலைவைப் பார்த்தால், ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் எதுவும் தெரியாது. அதே கருவிக்கு 50 மீட்டரில் 20 சென்டிமீட்டர் அகலமே ஒரு புள்ளியாகிவிடும்; ஒரு கைத்துப்பாக்கி முழுவதும் அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் கூர்மையாகும். ஆனால் காற்றிலுள்ள ஈரமும் தடித்த ஆடையும் அந்த அலைகளைக் கூடுதலாக விழுங்கிவிடும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர் 675 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு, 25 மீட்டர் தொலைவில் நிற்பவரின் ஆடைக்குள் மறைத்த பொருளைப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அது பெரிய சாதனை. ஆயினும், அசையாமல் நிற்பவரை ஆய்வகத்தில் படமெடுப்பதற்கும், புழுதியில் கூட்டத்தோடு நடந்து வருபவரைக் களத்தில் படமெடுப்பதற்கும் இடைவெளி மிகுதி.

அலை எதையும் அனுப்பாமல், உடலே இயல்பாக வெளியிடும் மில்லிமீட்டர் அலைகளை வாங்கிப் படமாக்கும் முறையும் உண்டு. திறந்த வெளியில் இது நன்றாக வேலை செய்யும். தெளிந்த வானம் இந்த அலைகளில் உடலைவிட நூறு டிகிரிக்கும் மேல் குளிர்ந்ததாகத் தெரிவதால், வானத்தைப் பிரதிபலிக்கும் உலோகம் கருமையாக எடுத்துக்காட்டப்படும். கூரைக்குள் வந்துவிட்டால், சுவருக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு பத்து டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடுவதால் படம் மங்கிவிடும்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. நுழைவாயிலில் தவறான மணி ஒலித்தால் ஒருவருக்குச் சில நிமிடங்கள் வீணாகும். சாவடியில் தொலைவிலிருந்து தவறான எச்சரிக்கை வந்தால், துப்பாக்கி ஏந்திய ஒரு வீரர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க நேரும். எனவே, மங்கலான ஒரு படத்தை மட்டும் வைத்து எவரையும் சுடக் கூடாது என்ற விதி கருவியோடு சேர்ந்தே வர வேண்டும்.

கேள்வி: எங்கள் அரங்குக்குப் புதிய கருவி வாங்க இருக்கிறோம். 99 விழுக்காடு துல்லியம் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: எதில் 99 விழுக்காடு என்று முதலில் கேளுங்கள். உங்கள் அரங்குக்கு 40,000 பேர் வருவதாகவும், அவர்களில் 4 பேரிடம் ஆயுதம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆயுதம் வைத்திருப்பவரை 99 விழுக்காடு பிடித்து, இல்லாதவரை 1 விழுக்காடு மட்டுமே தவறாக நிறுத்தும் கருவியாக இருந்தாலும், அது ஏறத்தாழ 400 அப்பாவிகளை நிறுத்தும். அதாவது, நூறு முறை மணி ஒலித்தால் 99 முறை அது வீண். ஒருவருக்கு 1 நிமிடம் என்றாலும் கைச்சோதனைக்கு 400 நிமிடங்கள் வேண்டும். அதைவிட முக்கியமாக, தொடர்ந்து வீண் மணி கேட்கும் பணியாளரின் கவனம் மழுங்கிவிடும்; உண்மையான மணியையும் அவர் அசட்டையாகக் கடந்துவிடக் கூடும்.

விளம்பர வாசகங்களை அப்படியே நம்பியதற்கான விலையையும் உலகம் கொடுத்திருக்கிறது. ஏடிஇ 651 என்ற பெயரில் ஈராக்குக்கு விற்கப்பட்ட ‘வெடிகுண்டு கண்டறியும் கருவி’க்குள் வேலை செய்யும் மின்னணுப் பாகம் எதுவுமே இல்லை. பாக்தாத் சாவடிகளில் வீரர்கள் அதை ஏந்தி நிற்கையிலேயே வெடிகுண்டு வண்டிகள் கடந்து சென்றன. அதை விற்றவருக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதே வகையைச் சேர்ந்த ஜிடி200 என்ற கருவியைத் தாய்லாந்து அரசு 2010இல் சோதித்தபோது, 20 முறையில் 4 முறை மட்டுமே அது சரியான பெட்டியைக் காட்டியது. வெடிபொருள் எங்கே இருக்கிறது என்பது கருவியை ஏந்தியவருக்குத் தெரியாதபடி நடத்தியதால்தான் உண்மை வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் புதிய தலைமுறை வாயில்களைக் குறித்தும், 2024 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம், அவற்றின் திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ஒரு நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது.

ஆகவே, தவறவிடும் விகிதம், வீண் மணி விகிதம் ஆகிய இரண்டையும் தனித்தனியே, எந்த உணர்திறனில் அளக்கப்பட்டது என்ற விவரத்தோடு எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்கள் வாயிலிலேயே, உங்கள் பணியாளர்களைக் கொண்டு, சோதனைப் பொருள் யாரிடம் இருக்கிறது என்பது விற்பனையாளருக்கும் பணியாளருக்கும் தெரியாதபடி ஒரு வாரமாவது சோதித்துப் பாருங்கள். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வாங்க வேண்டாம்.