நெகட்டிவ் கண்ட்ரோலில் பேண்ட் வருதா? லேப் சந்தேகங்களுக்குப் பதில்கள்

லேப் சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள் என்றதற்கு இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் முதலில் தாவர மூலக்கூறு உயிரியல், பிறகு செல் கல்ச்சர். எலி, மைக்ரோஸ்கோப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் ஏரியா இல்லை.

பிஎச்.டி. முதல் வருஷ மாணவர்: அக்கா, மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பாக்டீரியா எல்லாத்துலயும் இருக்கிற 16எஸ் மரபணுவைப் பெருக்க பிசிஆர் போடுறேன். சாம்பிள் போடாத நெகட்டிவ் கண்ட்ரோல் குழாய்லயும் ஜெல்லுல பேண்ட் (டி.என்.ஏ. கோடு) வருது. "லேசாத்தானே இருக்கு, போட்டோவுல அந்த லேனை, அதாவது அந்தக் குழாய் ஓடின வரிசையை வெட்டிடு"ன்னு சீனியர் சொல்றாங்க. வெட்டலாமா?

வெட்டக் கூடாது தம்பி. மற்ற லேன்களை நம்பலாமா என்று சொல்வதே அந்த லேன்தான்.

முதலில் பேண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 100 பேஸ் ஜோடிக்குக் கீழே மங்கலாக இருந்தால் அது பிரைமர் டைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் பிரைமர் துண்டுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டது), அதற்குக் கவலை வேண்டாம். 16எஸ்ஸுக்கு வழக்கமான 27எஃப், 1492ஆர் பிரைமர் போட்டு, 1,500 பக்கத்தில் சாம்பிளுக்கு நேராகவே நின்றால், எங்கிருந்தோ டி.என்.ஏ. உள்ளே வந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும் வேலை இது. கணக்குப்படி 30 சுற்றில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டும். நேற்று ஓட்டிய குழாயை அதே மேஜையில் திறந்திருந்தாலே போதும்.

16எஸ்ஸுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பிசிஆரில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் டாக் என்சைம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவுடையது. ஆனால் இன்று கடையில் வாங்குவதைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்தான் தயாரிக்கிறார்கள். அந்த ஈ.கோலையின் டி.என்.ஏ. கொஞ்சம் என்சைமோடு ஒட்டிக்கொண்டு வரும். எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் பிரைமர் அதையும் பிடிக்கும். 35 சுற்று ஓட்டினால் தெரியும், 25, 28 என்று குறைத்தால் பல நேரம் மறைந்துவிடும். ஆகவே முதலில் சுற்றைக் குறையுங்கள். அதன் பிறகும் நின்றால் தண்ணீர், பிரைமர், பஃபர் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

அதே மாணவர், இரண்டு நாள் கழித்து: தண்ணியை மாத்தினதும் நெகட்டிவ் சுத்தமாயிடுச்சு அக்கா. ஆனா சாம்பிள் பேண்டும் சேர்ந்து போயிடுச்சு!

கட்டாயம் பேண்ட் வர வேண்டிய பாசிட்டிவ் கண்ட்ரோலில் பேண்ட் வந்ததா? வரவில்லை என்றால் புது மிக்ஸிலேயே கோளாறு. வந்திருந்தால், இதுவரை நீங்கள் பார்த்தது மண்ணின் டி.என்.ஏ.வே இல்லை, பழைய தண்ணீரில் இருந்தது. மண் என்றால் எல்லோரும் உடனே மக்கிய பொருளிலிருந்து வரும் ஹ்யூமிக் அமிலத்தைக் காட்டுவார்கள், அது பிசிஆரை அடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் சாம்பிள் குழாயில் முன்பு பேண்ட் வந்ததே? அடைப்பு இருந்தால் கலப்படமும் பெருகியிருக்காது. உறுதி செய்ய, சாம்பிள் குழாய் ஒன்றில் பாசிட்டிவ் டி.என்.ஏ.வைக் கொஞ்சம் சேர்த்து ஓட்டுங்கள். பேண்ட் வந்தால் அடைப்பு இல்லை, டி.என்.ஏ. எடுக்கும் படியில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். ஒளி உறிஞ்சலை வைத்து டி.என்.ஏ. அளக்கும் நானோட்ராப் கருவியின் எண்ணை வைத்து வாதாடாதீர்கள், ஆர்.என்.ஏ.வும் ஹ்யூமிக் பொருளும் 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஜெல்லில் ஓட்டிக் கண்ணால் பாருங்கள்.

எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவி: மாவிலையில சி.டி.ஏ.பி.ங்கிற டிடர்ஜென்ட் போடுற முறையில டி.என்.ஏ. எடுத்தேன். பழுப்பா, சளி மாதிரி வருது. பிசிஆர் ஆகல மேம்.

பழுப்பு பாலிஃபீனால், சளி பாலிசாக்கரைடு. முற்றிய இலையை விடுங்கள், செம்பு நிறத்தில் துளிர்க்கும் கொழுந்தை எடுங்கள். முடிந்தால் செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டுப் பறியுங்கள், ஸ்டார்ச் குறையும். பஃபரில் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. கட்டாயம், பழுப்பாவதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலை அன்றன்றைக்குச் சேருங்கள். உப்பு வழக்கமாக 1.4 மோலார். சளி கூடுதலாக இருந்தால் 2 மோலாருக்கு மேல் ஏற்றலாம்.

புரோட்டோகாலில் பெரும்பாலும் எழுதாத ஒரு விஷயம்: குளோரோஃபார்ம் படியை ஐஸ் குளிரில் செய்யாதீர்கள். குளிர்ந்தால் சி.டி.ஏ.பி.யே உறைந்து வெள்ளையாகப் படியும், அதை டி.என்.ஏ. என்று நினைத்து எடுத்துக்கொண்டு போவீர்கள். அறை வெப்பத்திலேயே சுற்றுங்கள். கையில் இருக்கும் பழுப்புச் சாம்பிளையும் கொட்டிவிடாதீர்கள். பத்தில் ஒன்றாக நீர்த்துப் பிசிஆர் போட்டுப் பாருங்கள். அடைக்கும் பொருளும் சேர்ந்து நீர்த்துப்போவதால் பல நேரம் பேண்ட் வந்துவிடும்.

இன்னொரு மாணவர்: பேப்பர்ல சென்ட்ரிஃபியூஜை 3,000 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) வைக்கணும்னு இருக்கு. அப்படியே போட்டா அடியில படியுற பெல்லட் சரியா வரல.

ஆர்.பி.எம். மட்டும் எழுதியிருந்தால் அது அரைகுறைத் தகவல். செ.மீ.யில் ரோட்டர் ஆரம் × ஆர்.பி.எம். வர்க்கம் × 0.00001118 என்று பெருக்கினால் ஜி மதிப்பு, அதாவது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது. 16 செ.மீ. ஆரத்தில் 3,000 என்றால் சுமார் 1,600 ஜி. 8 செ.மீ. ரோட்டரில் அதில் பாதிதான். உங்கள் தீசிஸிலாவது ஜி எழுதுங்கள்.

பிஎச்.டி. மாணவி: மூலிகை எக்ஸ்ட்ராக்டை எம்.சி.எஃப்.-7 மார்பகப் புற்றுநோய் செல்லுக்குக் கொடுத்து எம்.டி.டி. சாயச் சோதனை பார்த்தேன். டோஸ் ஏத்த ஏத்த வயபிலிட்டி (உயிரோட இருக்கிற செல்) 120, 140 சதவீதம்னு போகுது. செல்லை வளர்க்குதா அக்கா?

வளர்க்கிறது என்று எழுதிவிடாதீர்கள்! எம்.டி.டி. செல்லை எண்ணுவதில்லை. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஊதா ஃபார்மசானாக மாற்றுகிறது, அந்த ஊதாவைத்தான் 570 நானோமீட்டரில் அளக்கிறோம். மூலிகைச் சாறு நிறைய பாலிஃபீனால். அது செல் இல்லாமலேயே சாயத்தை ஊதாவாக்கும்.

சோதிப்பது எளிது. செல் போடாத வெல்லில் (பிளேட்டின் குழியில்) மீடியம், எக்ஸ்ட்ராக்ட், எம்.டி.டி. மூன்றையும் ஊற்றி, வழக்கமான நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். ஊதா வந்தால் உங்கள் 140 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எம்.சி.எஃப்.-7 அடியில் ஒட்டி வளர்வது. எக்ஸ்ட்ராக்டை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலால் மெதுவாகக் கழுவி, புது மீடியத்தில் எம்.டி.டி. போடுங்கள். கூடவே சாயத்தை ஒடுக்குவதை நம்பாத ஒரு முறையிலும் பாருங்கள்: செல்லின் புரதத்தில் ஒட்டும் எஸ்.ஆர்.பி. சாயம், அல்லது இறந்த செல்லை நீலமாக்கும் டிரிப்பான் ப்ளூ போட்டு, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணுவது. எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட வெல்லும் வேண்டும், கடைசி அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டாமல்.

ஒரே ஒரு எம்.டி.டி. வரைபடத்தை வைத்துக்கொண்டு "புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல்" என்று தலைப்பிடும் கட்டுரைகளை நான் முதல் பக்கத்தோடு மூடிவிடுவேன். சாதாரண செல் ஒன்றைக்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்கிறார்கள்?

மேலே உள்ளதைப் படித்த ஒருவர்: ஒரே பிளேட்ல மூணு வெல் போட்டா, சோதனையை மூணு முறை செஞ்சதா (n = 3) எழுதலாமா?

கூடாது. அது ஒன்று. மூன்று வெல் உங்கள் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். வேறு வேறு நாளில், வேறு பாஸேஜ் (வேறு முறை பிரித்து வளர்த்த) செல்லில், மருந்தைப் புதிதாகக் கரைத்துச் செய்தால்தான் இரண்டு, மூன்று.

உதவிப் பேராசிரியர்: பக்கத்து லேப்பில் ஒரு ஃபிளாஸ்க் செல் இலவசமாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம் சார், ஆனால் தனியாக வைத்து இரண்டு சோதனை முடியும்வரை மற்ற செல்களோடு சேர்க்காதீர்கள். ஒன்று, எஸ்.டி.ஆர். புரொஃபைலிங், அதாவது டி.என்.ஏ.வை வைத்து செல்லின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து எடுத்த ஹீலா செல்கள் எத்தனையோ லேப்களில் வேறு செல்களுக்குள் புகுந்து அவற்றை விழுங்கிவிட்டன. லேபிளில் ஒரு பெயர், உள்ளே ஹீலா. இரண்டு, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, செல் சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் அசையாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலேயே நழுவும். பிசிஆரில் பாருங்கள், அல்லது டி.என்.ஏ.வில் ஒட்டி மின்னும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப்புள்ளிகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். நிதி இருந்தால் புனேயில் உள்ள என்.சி.சி.எஸ். (தேசிய செல் அறிவியல் மையம்) செல் களஞ்சியத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஒரு மாணவியின் அப்பா: மேடம், பொண்ணு லேப்ல எத்திடியம் புரோமைடுன்னு கேன்சர் வர்ற மருந்தைத் தொடுறதா சொல்றா. பயமா இருக்கு.

ஐயா, அது ஜெல்லில் டி.என்.ஏ.வைப் பார்க்கப் போடும் சாயம். டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும், ஆகவே கவனம் நியாயம்தான். நைட்ரைல் கையுறை, தனி மேஜை, தனிக் குப்பை இருந்தால் ஜெல்லில் போடும் அளவு, ஒரு மில்லிக்கு அரை மைக்ரோகிராம், பெரிய பயத்துக்குரியதல்ல. நான் அதைவிட அதிகம் பயப்படுவது ஃபீனாலுக்கும், முகக்கவசம் இல்லாமல் ஜெல் பார்க்கும் யு.வி. மேஜையைப் பார்ப்பதற்கும், ஜெல் செய்ய மைக்ரோவேவில் சூடாக்கும் அகரோஸுக்கும். அகரோஸ் குடுவையை அசைத்ததும் திடீரென்று பொங்கிக் கையில் கொட்டும். அதைக் கேட்டுப் பாருங்கள்: மைக்ரோவேவ் பக்கத்தில் தடித்த கையுறை இருக்கிறதா என்று. (அகரோஸ் சிவப்புக் கடற்பாசியில் கிடைக்கும் அகாரிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் தருவதுதான்.)

கல்லூரி ஆய்வக உதவியாளர்: பிப்பெட் (துளித்துளியா அளந்து எடுக்குற கருவி) சரியா அளக்குதான்னு கேலிபரேட் பண்ண ஆள் கூப்பிட பட்ஜெட் இல்லீங்க. நாமளே பார்க்க வழி இருக்கா?

இருக்குங்க. நான்கு தசமம் காட்டும் தராசும் காய்ச்சி வடித்த தண்ணீரும் போதும். தண்ணீரை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, 100 மைக்ரோலிட்டர் வைத்துப் பத்து முறை தனித்தனியாக எடை போடுங்கள். 20 டிகிரியில் ஒவ்வொன்றும் 0.0998 கிராம் பக்கத்தில் வர வேண்டும். எல்லாம் ஒரே அளவு குறைந்தால் பிப்பெட்டின் செட்டிங். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், டிப் சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். சில நேரம் கைதான்: உறிஞ்சும்போதும் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தும் பழக்கம் நிறைய மாணவர்களிடம் உண்டு. 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே இந்தத் தராசை நம்ப வேண்டாம், ஆவியாவதே கணக்கைக் குழப்பிவிடும்.