ராஜினாமாவைத் திரும்பப் பெறுங்கள், மற்றதெல்லாம் பிறகு

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பேக்கிங் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 46. மொத்தச் சம்பளம் ரூ.19,400, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ.14,000. டிரம் ஏற்றி இறக்கி முதுகுத்தண்டில் தட்டு பிதுங்கிவிட்டது. ஜிப்மரில் மூன்று வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். லீவை சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். யோகா தினம், மெடிக்கல் கேம்ப், டி-ஷர்ட் என்று 'ஊழியர் நலம்' பேசிய அதே நிர்வாகம், நான் திரும்பிப் போனதும் எச்.ஆர். அறையில் உட்கார வைத்து, "உங்க உடம்புக்கு இந்த வேலை ஒத்துவராது, நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்று ராஜினாமா வாங்கிவிட்டது. தேதி போடவில்லை. இரண்டு வாரம் ஆகிறது. 1,60,000 ரூபாய் செக் ரெடி, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வருகிறது. மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் (இங்கே சுருக்கியிருக்கிறேன்) மூன்றில் இரண்டு பங்கு யோகா வகுப்பையும், மேடையில் பொன்னாடை போர்த்தியதையும், பிறகு அதே ஆட்கள் முகம் திருப்பிக்கொண்டதையும் பற்றியது. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தத் தொழிலாளர் நீதிமன்றமும் அதை எடை போடாது. மன உளைச்சலுக்கு இழப்பீடு என்ற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் ஏதாவது உங்கள் கைக்கு வந்ததா?

வரவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் இன்றே திரும்பப் பெறுங்கள். ராஜினாமா ஏற்கப்பட்டு அந்த ஏற்பு ஊழியருக்குத் தெரிவிக்கப்படும்வரை அதைத் திரும்பப் பெறலாம். 2024-ல் கொங்கன் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில், ஏற்றுக்கொண்டதாக அலுவலகத்துக்குள் எழுதிக்கொண்ட கடிதம் செல்லாது, அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. உங்கள் கடிதத்தில் தேதி இல்லாததால் நிர்வாகம் தனக்கு வசதியான தேதியை எழுதிக்கொள்ள முடியும். அதனால்தான் அவசரம்.

கடிதம் நான்கு வரி போதும்: "எழுதித் தரும்படி சொல்லப்பட்டதால் நான் கொடுத்த தேதியிடாத ராஜினாமா கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது ஏற்கப்பட்டதாக எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. நான் வேலையில் தொடர விரும்புகிறேன். பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன்." ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. கட்டாயப்படுத்தியதை உடனே சொன்னால்தான் நம்புவார்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், பணம் குறைந்ததால் சொல்கிறார் என்பார்கள்.

இனி, என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது செக். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த 1,60,000 என்ன என்று கணக்குப் பாருங்கள்: 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 17-ஆலும் பெருக்கினால் 1,37,307 ரூபாய். அது உங்கள் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்களுடையது. கருணை என்று அவர்கள் தருவது மிச்சம் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்தான், அதிலும் லீவு சம்பளம் அடங்கியிருக்கும். கேட்காமலே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், ஆட்சேபணையுடன் பெற்றிருக்கிறேன் என்று அன்றே மெயில் அனுப்புங்கள்.

இரண்டாவது, திரும்பப் பெற்றுவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது. இதில்தான் நல்ல வழக்குகள் அதிகம் செத்துப்போகின்றன. ராஜினாமா நிற்காது என்று தெரிந்ததும் நிர்வாகம் கட்சி மாறும்: "அவர் அனுமதி இல்லாமல் வரவில்லை, வேலையைக் கைவிட்டுவிட்டார்." நிலையாணையில், அதாவது ஆலையின் பணி விதிகளில், தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயர் தானாக நீங்கும் என்று இருக்கும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறும் ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்றது. அதை நம்பிய சென்னை பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளி ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தும் அவர் தோற்றார். நிலையாணைப்படி தானாக நீங்கியது தண்டனை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில்தான், அப்படிப் பெயரை நீக்குவதற்கு முன்பும் விளக்கம் கேட்டு விசாரிக்க வேண்டும் என்று நிலை மாறியது. அதனால் இன்று உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தாள் வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஜிப்மர் ஓ.பி. சீட்டும் வாட்ஸ்அப் செய்தியும். இரண்டும் உண்மை, இரண்டும் போதாது. ரூ.21,000-க்குள் சம்பளம் என்பதால் நீங்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளர். உங்கள் டிஸ்பென்சரிக்கு ஜிப்மர் தாள்களை எடுத்துப் போய் அந்த நாட்களுக்கான சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள். நோய்க்கால உதவி 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள். தட்டு பிதுங்கல் நீட்டித்த உதவிக்கான 34 நோய்ப் பட்டியலில் இருக்கிறது; அது 80 சதவீதம். 17 ஆண்டு பணம் கட்டிவிட்டு இதைக் கேட்காமலே விடுகிறார்கள், எனக்கு அது தாங்காது.

வேலைக்குப் போகும் நிலையில் இருந்தால் கேட்டுக்குப் போங்கள். பஞ்சிங் கார்டு விழவில்லை, செக்யூரிட்டி தடுக்கிறார் என்றால், அங்கேயே நின்று நேரத்தோடு எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். கூட ஒரு சக தொழிலாளி இருந்தால் நல்லது.

மூன்றாவது, நோயைப் பெரிதாக்குவது. அனுதாபம் கிடைக்கும் என்று, "குனியக்கூட முடியவில்லை, இனி என்னால் எதுவும் ஆகாது" என்று மனுவில் எழுதுவார்கள். தொடர் உடல்நலக் குறைவால் வேலை முடிவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. அந்த இழப்பீடும் கிடைக்காது. உங்கள் வாயாலேயே அந்த வாசலைத் திறந்து கொடுக்காதீர்கள். கனமான எடை தூக்காமல் வேலை பார்க்கலாம் என்று மருத்துவரிடம் சான்று வாங்கி, இலகுவான வேலை கேளுங்கள். நீங்கள் ஏளனமாக எழுதியிருக்கும் அந்த மெடிக்கல் கேம்ப் இங்கே உதவும். முதுகு வலி என்று அதில் குறித்திருந்தால், நிர்வாகத்துக்குத் தெரிந்தேதான் டிரம் தூக்க வைத்தது. அபாயகரமான ரசாயன ஆலையில் தன் உடல்நலப் பதிவேட்டைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு, எழுதிக் கேளுங்கள்.

நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தாவா (தொழில் தகராறு மனு) எழுப்புங்கள். முன்பு நீதிமன்றம் போக 3 ஆண்டு கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை 2 ஆண்டாக்கிவிட்டது.

இதெல்லாம் சொன்ன பிறகு வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன்: நீங்கள் என் தம்பியாக இருந்தால் சமரசமாகப் போகச் சொல்வேன். ஜெயித்துத் திரும்பிப் போனாலும் காத்திருப்பது அதே டிரம்தான். நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனால் ஆண்டுகள் ஓடும், முதுகு காத்திருக்காது. ஆனால் ராஜினாமா அவர்கள் கையில் இருக்கும்போது பேசாதீர்கள்; திரும்பப் பெற்ற கடிதத்தின் ஒப்புகை வந்த பிறகு பேசுங்கள். கிராஜுவிட்டியைப் பேரத்தில் சேர்க்காமல் தனியே வையுங்கள். அதற்கு மேல் ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளமும் நோட்டீஸ் சம்பளமும் குறைந்தபட்சம். அங்கிருந்து மேலே கேளுங்கள். எச்.ஆர். அறையில் கையெழுத்து வேண்டாம். சமரச அலுவலர் முன் போடுங்கள், தமிழில் எழுதிய நகலைக் கையில் வாங்கிய பிறகு.