புதர் மண்டிய காய்கறித் தோட்டத்தை நடவுக்குத் தயார் செய்வது எப்படி?

கேட்டிருப்பது இது: கிருஷ்ணகிரி பக்கத்தில் வீட்டை ஒட்டி எட்டு சென்ட் நிலம். மாமனார் காலத்தில் கத்தரியும் அவரையும் காய்த்த இடம். மூன்று ஆண்டுகளாகக் கவனிப்பில்லாமல் ஆள் உயரத்துக்குப் புதர் வளர்ந்துவிட்டது. ஆடிப் பட்டத்தில் காய்கறி போட வேண்டும். ஜேசிபி விட்டு ஒரே நாளில் முடித்துவிடலாமா, மருந்து அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஜேசிபியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது ஓட்டுநரின் கைபேசி எண்ணை உங்களிடம் கொடுத்திருப்பார்.

நான் பாலக்கோடு பக்கத்தில் கொல்லை வைத்திருப்பவன். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண்தான். பல இடங்களில் பயிருக்கு உதவும் மேல்மண் ஒரு முழம்கூடத் தேறாது. அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. இயந்திரத்தின் வாளிக்கு மேல்மண், அடிமண் என்ற பேதம் கிடையாது. புதரோடு சேர்த்து நல்ல மண்ணையும் வழித்து வேலி ஓரம் குவித்துவிட்டுப் போய்விடும். அன்று மாலை பார்த்தால் இடம் பள்ளிக்கூட மைதானம் போல இருக்கும், உங்களுக்கும் மனம் நிறைந்திருக்கும். மழை பெய்ததும்தான் தெரியும்: குவியலில் களை செழித்து நிற்கும், நடுவில் சரளை பல்லைக் காட்டும். டிராக்டரில் பூட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் இன்னொரு வகைத் தொல்லை. அருகம்புல்லையும் கோரையையும் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்கச் சீராகப் பரப்பிவிடும். அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவும் தனிச் செடி.

கண்ணுக்குத் தெரியும் புதரை வெட்டுவது உண்மையில் எளிய வேலை. இரண்டு மூன்று பேர் அரிவாளோடு இறங்கினால் எட்டு சென்ட் வெளிச்சமாகிவிடும். சிக்கல் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் விதையும்தான். வெயில் பட்டு, மழையும் பட்ட வெற்று மண் கிடைத்தால் அவை அத்தனையும் கிளம்பும். அதனால் என் கணக்கு இதுதான்: எவ்வளவு இடத்தில் உடனே நட்டு மூட முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் திறக்க வேண்டும். எட்டில் இரண்டு சென்ட் இந்த ஆடிக்குப் போதும். ஒரு குடும்பத்துக்கான கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை அதிலேயே வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு முறை சுற்றிவந்து என்னென்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் ஒழிக்கும் வழி வேறு.

உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் இருந்தால் அவற்றை வெட்டுவது வீண் வேலை. அடியிலிருந்து முன்பைவிடப் பல கிளைகளாகத் துளிர்க்கும். மண்மட்டத்துக்குக் கீழே வேரும் தண்டும் சேரும் முடிச்சு இருக்கிறதல்லவா, அதைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்க வேண்டும். நல்ல மழைக்கு மறுநாள் செய்தால் பாதி பலம் போதும். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் கனமான காலணி அவசியம். தோண்டிய உண்ணிக் குச்சிகளைப் பாறை மேல் போட்டு நன்றாகக் காயவிட்டால் அவரைக்கும் பாகலுக்கும் ஊன்றுகோலாகும். ஈரத்தோடு மண்ணில் ஊன்றிவிடாதீர்கள், வேர் பிடித்துவிடும்.

ஆடு கட்டி மேயவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், புல்லையும் இளந்தளிரையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் உண்ணிச்செடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சு. பசியில் கடித்துவிட்டால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். அதைத் தோண்டி எடுத்த பிறகே ஆட்டை உள்ளே விடுங்கள்.

பார்த்தீனியம் கட்டாயம் இருக்கும். நம் பக்கத்தில் அது இல்லாத தரிசு கிடையாது. 1950களில் புணே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய அமெரிக்கக் களை இது. ஒரு செடியே பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை போடக்கூடியது. வெள்ளைப் பூ வருவதற்கு முன் பிடுங்கினீர்களா, பின் பிடுங்கினீர்களா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அடுத்த சில ஆண்டுகள் அமையும். ஈர மண்ணில் வேரோடு வரும். வெறுங்கையோடு தொடவே கூடாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துண்டு, மூன்றும் வேண்டும். சிலருக்கு இதனால் வரும் தோல் அரிப்பு ஆண்டுக்கணக்கில் விடாது. வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருந்தால் அந்த வேலை நடக்கும்போது அவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்ததை மூட்டையாகக் கட்டித் தனியாகப் புதைத்துவிடுங்கள். இலைகளைக் குதறித் தின்னும் சிறு வண்டுகள் தென்பட்டால் அவற்றை விட்டுவிடுங்கள். 1984இல் மெக்சிகோ வண்டைப் பெங்களூரு பக்கம் இதற்காகவே கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து நம் பக்கம் எல்லை தாண்டினால் போதும்.

இனி கோரை. உலகின் மிக மோசமான களை என்று களை அறிஞர்களே பட்டம் கொடுத்த ஆள். மேலே பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும்; கீழே மணிமாலையாகக் கோத்த கிழங்குகள் அப்படியே இருக்கும். மாலையை அறுத்தால் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் விழித்து முளைக்கும். அதனால் கோரை உள்ள இடத்தில் அரைகுறையாகக் கொத்துவது, கொத்தாமல் விடுவதைவிடக் கெடுதல். அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, மண்ணுக்கு வெளியே கிடந்து காய்ந்தால் கிழங்கு செத்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டு, கட்டிகளை உடைக்காமல் காயவிட்டு, இடையில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். கோடை உழவு என்று பெரியவர்கள் விடாமல் செய்ததில் இந்த நியாயமும் இருக்கிறது. இரண்டு, கோரைக்கு நிழல் ஆகாது. அடர்ந்து படரும் பயிருக்குக் கீழே அது வெளிறி மெலிந்துபோகும். கறுப்புத் தாள் விரித்தால் அடங்கிவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஊசி போன்ற முனையால் மெல்லிய தாளைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பொறுக்கிய கிழங்கை வீசவும் வேண்டாம். கோரைக்கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் விலைக்கு விற்கும் சரக்கு. நன்றாக உலர்த்தி அரைத்தால் குளியல் பொடிக்கு மணம் கொடுக்கும்.

அருகம்புல்லுக்கும் இதே வெயில் வைத்தியம்தான். கொடியை இழுத்து அறுக்காமல், மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து உதற வேண்டும். பிள்ளையாருக்கு வேண்டுமானால் ஒரு தொட்டியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி ஓரத்தில் வைக்காதீர்கள்.

குப்பைமேனி, நாயுருவி, துத்தி, நெருஞ்சி போன்றவற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. விதை கட்டுவதற்கு முன் களைக்கொத்தால் செதுக்கினால் போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செதுக்காதீர்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, தரையோடு படரும் பருப்புக்கீரை, மூக்கிரட்டை, வேலியில் ஏறிய முடக்கத்தான் எல்லாம் அந்தப் புதரில்தான் கிடக்கும். காசு கொடுத்தாலும் கடையில் எளிதில் கிடைக்காத கீரைகள் இவை. பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் கலந்து பருப்போடு கடைந்து கேழ்வரகுக் களிக்கு ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அடையாளம் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பறியுங்கள். ஊரில் களையெடுக்கும் பாட்டி ஒருவரை அரை நாள் கூட வைத்துக்கொண்டால் புத்தகமே வேண்டாம்.

பாம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. மூன்று ஆண்டுப் புதரில் எலி இருக்கும், எலி இருந்தால் கண்ணாடி விரியனும் வரலாம். அது ஓடாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். நீண்ட கழியால் தட்டி, வெளிச்சம் இருக்கும்போது, வெளி ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். கையால் கல்லைப் புரட்டாதீர்கள். அடியில் செந்தேள் இருக்கலாம். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, இறுகக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெட்டிய புதரை வீட்டோரம் மாதக்கணக்கில் குவித்து வைப்பதும் பாம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2,4-டி எனப்படும் களைக்கொல்லியின் சாரல் காற்றில் போனாலே தக்காளி இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் சுற்றிலும் தக்காளி நிற்கும் ஊரில் அதைத் தெளித்தால் பக்கத்துக் கொல்லைக்காரரின் பகையும் சேர்ந்து வரும். உப்புக் கரைசலைச் செடி மேல் தெளித்தால் பார்த்தீனியம் கருகும் என்பது உண்மை. சாலை ஓரத்துக்கு அது சரி. காய்கறி போடும் மண்ணில் உப்பைக் கொட்டிவிட்டுப் பிறகு கத்தரி வரவில்லை என்று புலம்பக் கூடாது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். பங்குனியில் வெட்டித் தோண்டி முடியுங்கள். சித்திரை முழுக்க மண் காயட்டும். கோரை அதிகமில்லாமல் சிறு விதைக் களை மட்டும் தொல்லை என்றால் வேறொரு வழி இருக்கிறது: மண்ணைச் சமன் செய்து, நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடலாம். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பகுதி வெந்துவிடும். வைகாசியில் இடியோடு ஒன்றிரண்டு மழை வரும். வராவிட்டால் நீங்களே தண்ணீர் விடுங்கள். எதையும் விதைக்காமல் இரண்டு வாரம் காத்திருங்கள். பச்சைப் பாய் விரித்தாற்போல் களை முளைக்கும். பதறாதீர்கள், அதற்காகத்தான் தண்ணீர் விட்டோம். வெயில் நாளில் களைக்கொத்தால் மேலாக, ஒரு விரல் ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து அடுத்த அணி தயாராகிவிடும். முடிந்தால் இதை இன்னொரு முறை செய்யுங்கள். இந்த வேலைக்கு நிகரானது வேறில்லை என்பது என் துணிபு. அவசரப்பட்டு இதை விட்டவர்கள் புரட்டாசியில் கத்தரிச் செடியைக் களைக்குள் தேடுவார்கள்.

எரு போடும்போது நன்றாக மக்கியதா என்று பாருங்கள். கருவேலங்காய் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் அதன் விதை உயிரோடு வெளியே வரும். பச்சைச் சாணத்தைப் போட்டால் பணம் கொடுத்துக் கருவேலம் விதைத்ததாக ஆகும். குவியலைக் கிளறி நனைத்துச் சூடேறவிட்டு, கருத்து உதிரியான பிறகே பாத்திக்குப் போக வேண்டும்.

ஆடியில் நடும்போது நாற்றைத்தான் நான் பரிந்துரைப்பேன்; தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்றாகப் போனால் களைக்கு முன்னால் ஒரு மாதம் ஓடிவிடும். வெண்டையும் கொத்தவரையும் நேர் விதைப்பு. கோரை வலுவாக உள்ள மூலையில் முதல் பருவத்துக்குக் காய்கறியே வேண்டாம். தட்டைப்பயறு நெருக்கமாகப் போடுங்கள், அல்லது பூசணியைப் படரவிடுங்கள். புரட்டாசியில் கொள்ளு விதைக்கலாம். நம் மண்ணுக்கு அதைவிடப் பழகிய பயிர் எது?

நாற்றுக்கு நடுவே மண் தெரியக் கூடாது. கிருஷ்ணகிரிக்காரருக்கு மூடாக்குக்குப் பஞ்சமா என்ன! மாந்தோப்புச் சருகை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொள்ளலாம். நிலக்கடலைத் தோலும் நல்லது. அடியில் அட்டைப்பெட்டிகளை ஒட்டுநாடா நீக்கி விரித்து நனைத்து, மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள். செம்மண்ணில் கரையான் வரும் என்பதால் தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள்.

மீதி ஆறு சென்ட்டில் பெரிய முட்புதரை மட்டும் தோண்டிவிட்டு, மண்ணைக் கிளறாமல் வைத்திருங்கள். மாதம் ஒரு முறை, பூக்கும் முன் கணுக்கால் உயரத்துக்கு அறுத்தால் போதும். பார்த்தீனியத்தை மட்டும் அறுக்காமல் பிடுங்குங்கள், அறுத்தால் பக்கத்தில் தழைத்துப் பூக்கும். விதை கட்டாத மற்ற தழையை அப்படியே இந்தப் பக்கத்துப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம். அடுத்த கோடையில் அங்கே இன்னும் இரண்டு சென்ட்டைத் திறந்துகொள்ளுங்கள்.