‘ரன்’ எங்கெல்லாம் ஓடுகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

பொருளாதாரக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘எ ரன் ஆன் தி பேங்க்’ என்ற தொடரில் வந்து நின்றுவிட்டேன். ‘ரன்’ என்றால் ஓடு என்றுதான் பள்ளியில் படித்தோம். அகராதியைத் திறந்தால் பக்கக்கணக்கில் பொருள்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்வதா? எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவது ஆங்கிலத்தின் சொல்வறுமை இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பக்கக்கணக்கு என்று நீங்கள் சொன்னது மிகையே இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தியபோது வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். அதே அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது.

சொல்வறுமை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். வாயில் அதிகம் புழங்கும் சொல்லில்தான் பொருளும் அதிகம் சேரும். ஜார்ஜ் ஸிப்ஃப் என்ற மொழியறிஞர் 1945இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். நம் ‘அடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், மணி அடிக்கிறோம், ஒருவன் கண்ணடிக்கிறான், இன்னொருவன் பரீட்சையில் காப்பி அடிக்கிறான். தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் உங்கள் கேள்வியையேதான் நம்மிடம் கேட்பார்.

‘ஓடு’கூட வெகுதூரம் ‘ரன்’னோடு சேர்ந்தே போகிறது. தண்ணீர் ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இங்கெல்லாம் அவர்களுக்கும் அதே சொல்தான். பிறகு பாதை பிரிகிறது. ஆங்கிலத்தில் கம்பெனியை ‘ரன்’ செய்கிறார்கள், நாம் நடத்துகிறோம். மூக்கு அவர்களுக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியின் சாயம் அங்கே ஓடும், இங்கே போகும். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார். பிரிட்டிஷ் வேட்பாளரோ ‘ஸ்டாண்ட்’, அதாவது நம்மைப்போலவே தேர்தலில் நிற்கிறார். ஒரே மொழிக்குள்ளேயே, ஒரே காரியத்துக்கு ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார்!

அதனால் மனப்பாடம் வேண்டாம். 645 பொருள்களையும் பட்டியலாகத் தலையில் வைத்துக்கொண்டு எந்த ஆங்கிலேயரும் பேசுவதில்லை. பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் சொன்னதே இன்றைக்கும் நல்ல வழி: வினையாலும் இனத்தாலும் (உடன் வரும் இனச் சொல்) சார்பாலும் (பேசும் சூழல்) பொருள் தெளிவாகத் தெரியும் என்கிறார். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்று மட்டும் இருந்தால் மரமும் விழும், விலங்கும் விழும். சொல்பவர்தான் எது என்று விளக்கிச் சொல்லவேண்டும். ‘ரன்’னுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. கூட வரும் சொல் வேட்பாளரா, மென்பொருளா, மூக்கா என்று பாருங்கள். பின்னால் ஒட்டிக்கொள்ளும் ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’ போன்றவற்றைப் பிரிக்காதீர்கள். பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துவிட்டது. பழைய நண்பரை ‘ரன் இன்டு’ செய்தால் தற்செயலாகச் சந்தித்தோம். அவற்றை ஒரே சொல்லாக, வாக்கியத்தோடு சேர்த்தே பழகுங்கள்.

இனி உங்கள் வங்கி. வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எடுக்க வருவதுதான் இந்த ‘ரன்’. எந்த வங்கியும் வாங்கிய பணத்தை அப்படியே பெட்டியில் வைத்திருப்பதில்லை, பெரும்பகுதியைக் கடன் கொடுத்திருக்கும். ஆகவே நல்ல வங்கிகூட இதில் மூழ்கலாம். கட்டுரை 1930களின் அமெரிக்காவைப் பற்றியது என்றால் ‘போட்ட பணத்தை எடுக்க வங்கி வாசலில் ஜனங்கள் முண்டியடித்தார்கள்’ என்று தாராளமாக எழுதலாம். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்தது என்றால் அது சரிவராது. அங்கே ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியேறியது, பெரும்பாலும் ஃபோனிலும் கணினியிலும். அதற்கு ‘வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள்’ என்று எழுதுங்கள். ‘வங்கி முற்றுகை’ என்று சிலர் போடுகிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். படிப்பவருக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வரும்.