ஸ்கிப் பின் வைக்க கவுன்சில் அனுமதி: வாசகர் கேள்வி பதில்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் இருந்து வந்த கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் ஸ்கிப் பின் (லாரியில் கொண்டுவந்து இறக்கும் பெரிய இரும்புக் கழிவுத் தொட்டி) பற்றியவை. நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

கேள்வி: குளியலறையை இடித்துக் கட்டப் போகிறோம். 4 கன மீட்டர் பின் ஒன்றை எங்கள் டிரைவ்வேயில் வைத்தால் கவுன்சில் பெர்மிட் தேவையா? (வென்ட்வொர்த்வில் வாசகர்)

பதில்: பின்னின் நான்கு மூலைகளும் உங்கள் எல்லைக்கோட்டுக்குள் இருந்தால் தேவையில்லை. பலரும் தவறு செய்வது அந்தக் கோடு எங்கே என்பதில்தான். கராஜ் கதவிலிருந்து தெருவோரக் கல் வரை சிமெண்ட் தளம் ஒரே துண்டாக ஓடுவதால் முழுவதும் நம்முடையது போலத் தெரியும். ஆனால் வேலிக்கோட்டைத் தாண்டி, நடைபாதையும் அதற்கு அப்பால் தெரு வரை உள்ள சரிவும் கவுன்சிலின் நிலம். பின்னின் ஒரு முனை நடைபாதையில் அரை மீட்டர் நீட்டினாலும் அது பொது இடத்தில் வைத்த பின்தான்.

டேப் எடுத்து, கராஜ் கதவிலிருந்து வேலிக்கோடு வரை அளந்து பாருங்கள். 4 கன மீட்டர் பின் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் சரியான அளவைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தள்ளுவண்டியை உள்ளே ஏற்றும் கதவு பின்னின் ஒரு முனையில் இருக்கிறது. அது திறந்து விழ இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும். கதவு கராஜை ஒட்டி அமைந்து, திறக்க இடமில்லாமல் போனால் பாரம் எல்லாவற்றையும் பக்கச் சுவருக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டிவரும். எந்த முனை வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதை லாரி வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.

தலைக்கு மேலும் பாருங்கள். பின்னை இறக்கும்போது லாரியின் இரண்டு இரும்புக் கைகளும் உயர எழும். மின்கம்பி, கார்போர்ட் கூரை, தாழ்ந்த கிளை ஏதாவது இருந்தால் டிரைவர் இறக்காமலே திரும்பிவிடுவார், வந்துபோன செலவு உங்கள் தலையில் விழும். பின்னின் அடியில் தடித்த பலகை போடச் சொல்வதும் அவசியம். கிளம்பும்போது இழுபடும் இரும்பு, சிமெண்டைக் கீறிவிடும்.

கேள்வி: வீட்டுக்கு முன்னால் தெருவை ஒட்டியுள்ள புல்பட்டையில் (நேச்சர் ஸ்ட்ரிப்) இருபது வருடமாக நாங்கள்தான் புல் வெட்டுகிறோம். அங்கே ஒரு வாரம் பின் வைக்க எதற்கு அனுமதி? எதிர்வீட்டுக்காரர் எதுவும் எடுக்கவில்லை என்கிறார். (பெண்டில் ஹில் வாசகர்)

பதில்: புல் வெட்டுவது நீங்கள் என்றாலும் அந்த நிலம் பொதுத் தெருவின் ஒரு பகுதி. 1993ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 68, கவுன்சிலின் முன் அனுமதி வேண்டிய காரியங்களைப் பட்டியலிடுகிறது. பொது இடத்தில் கழிவுக் கொள்கலன் வைப்பது அதில் தனியாகவே குறிக்கப்பட்டுள்ளது. தெரு, நடைபாதை, புல்பட்டை எல்லாமே இதில் அடங்கும்.

எதிர்வீட்டுக்காரர் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெண்டில் ஹில்லின் ஒரு பகுதி கம்பர்லேண்டிலும் மறுபகுதி பாரமட்டாவிலும் இருக்கிறது. டூங்காபியோ பிளாக்டவுன் உட்பட மூன்று கவுன்சில்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. ஒரே ஊர்ப்பெயர் என்றாலும் விதியும் கட்டணமும் ஒன்றாக இருக்காது. உங்கள் ரேட்ஸ் பில்லின் (கவுன்சிலுக்குக் கட்டும் சொத்துவரி பில்) தலைப்பில் எந்தக் கவுன்சில் பெயர் இருக்கிறதோ, அந்தக் கவுன்சிலின் விதிதான் உங்களுக்கு.

அடுத்தது, யார் விண்ணப்பிப்பது. சில கவுன்சில்கள் பின் கம்பெனிகளுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. சில வீட்டுக்காரரையே கேட்கின்றன. கம்பெனியிடம் ‘பெர்மிட்டை நீங்கள் எடுக்கிறீர்களா, கட்டணம் நீங்கள் சொன்ன விலைக்குள் அடங்குமா’ என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள், பில்லில் அது இருக்காது. விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்பவை: பின்னின் அளவு, வைக்கும் எடுக்கும் தேதிகள், இடத்தைக் காட்டும் வரைபடமோ படமோ, கம்பெனியின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ். காப்பீட்டுத் தொகை 1 கோடி டாலர் அல்லது 2 கோடி டாலர் என்று கேட்பது வழக்கம். சான்றிதழின் காலாவதித் தேதி பின் எடுக்கும் நாளுக்கு முன்பே முடிந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள். அனுமதி கைக்கு வரும்வரை லாரிக்கு நாள் குறிக்க வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கப் புல்லைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் மீட்டர், மழைநீர்க் குழியின் மூடி, தொலைத்தொடர்புக் குழியின் பிளாஸ்டிக் மூடி இவற்றின் மேல் பின் ஏறக் கூடாது. நிறைந்த பின் சில டன் எடை. மூடி நொறுங்கி, பின் ஒரு பக்கம் சரியும். பழுதுச் செலவும் உங்களுக்கே வரும். தெருமரத்தின் கிளை விரிப்புக்கு அடியிலும் வேண்டாம், வேர்ப் பகுதி மண் இறுகி மரம் வாடும். நடைபாதை இருந்தால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்படி அது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நேச்சர் ஸ்ட்ரிப்பையே அறவே அனுமதிக்காமல், தெருவோரத்தில் வைக்கச் சொல்லும் கவுன்சில்களும் உண்டு.

பின் வருமுன் புல், தெருவோரக் கல், நடைபாதை மூன்றையும் தேதி தெரியப் படமெடுங்கள். போன பிறகு அதே கோணத்தில் இன்னொரு முறை. பழைய விரிசலுக்குப் புதிய பில் வந்தால் கையில் சான்று இருக்கும்.

கேள்வி: தெருவிலேயே வைப்பதானால் எந்த இடம் கூடாது? (ஹோம்புஷ் வாசகர்)

பதில்: கார் நிறுத்தக் கூடாத இடத்தில் பின்னும் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள், சிக்னல் உள்ள சந்திப்பிலிருந்து 20 மீட்டருக்குள், விளிம்பில் தொடர் மஞ்சள் கோடு உள்ள இடம், தீயணைப்புக் குழாயிலிருந்து 1 மீட்டருக்குள், பேருந்து நிறுத்தத்துக்கு முன் 20 மீட்டரும் அதைத் தாண்டி 10 மீட்டரும். வளைவும் மேட்டு உச்சியும் எழுதாத தடை என்றே கொள்ளுங்கள். இரவில் தெரியும்படி ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் நான்கு மூலையிலும் இருக்கிறதா என்று பின் வந்தவுடன் பாருங்கள், மங்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கிரேட் வெஸ்டர்ன் ஹைவே போன்ற மாநிலச் சாலையில் வீடு இருந்தால் கவுன்சில் மட்டும் போதாது, மாநிலப் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் ஃபார் என்எஸ்டபிள்யூவின் சம்மதமும் வேண்டிவரும். அதற்குப் பக்கத் தெருவையோ உங்கள் முற்றத்தையோ நாடுவது மேல்.

கேள்வி: 6 கன மீட்டர் பின்னுக்குப் பணம் கட்டினோம். டைல், சிமெண்ட், மண் போட்டோம். பாதிகூட நிறையவில்லை, டிரைவர் தூக்க மறுத்துவிட்டார். இது நியாயமா? (செவன் ஹில்ஸ் வாசகர்)

பதில்: டிரைவர் பக்கம்தான் நியாயம். பின்னை இடத்தின் அளவில் விற்கிறார்கள், லாரியோ எடையில் தூக்குகிறது. கழிவு நிலையத்திலும் எடைக்குத்தான் கட்டணம், அதற்கு மேல் டன் கணக்கில் மாநில அரசின் கழிவு வரி. அதனால் ஒவ்வொரு பின்னுக்கும் இத்தனை டன் என்ற எடை வரம்பு ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். 10 சதுர மீட்டர் தரையில் 5 சென்டிமீட்டர் தடிமன் சிமெண்ட் கலவை இருந்தால் அது அரை கன மீட்டர், எடையோ ஏறக்குறைய 1 டன். சுவரில் 25 சதுர மீட்டர் டைல், ஒட்டுப் பசையோடு சதுர மீட்டருக்கு 20 கிலோ என்றால் இன்னொரு அரை டன். மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன் வரை போகும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். ஆகவே கனமான கழிவுக்குச் சிறிய பின்னாக, கனக் கழிவு என்று சொல்லியே எடுக்க வேண்டும். தனிச் செங்கல், தனிக் கொங்கிரீட் என்று பிரித்தால் விலை குறையும், ஏனென்றால் அவை நொறுக்கப்பட்டு மறுபடி பயன்படும். அதில் ஒரு வாளி மண்ணோ ஒரு மரப்பலகையோ கலந்தால் கலப்புக் கழிவு விலைக்குப் போய்விடும். புல்லோடு வெட்டிய மண்ணைச் சுத்தமான மண் என்று ஏற்க மாட்டார்கள்.

சோபா, அலமாரி, பெட்டிகள் என்றால் நேர்மாறு; எடை இருக்காது, இடம்தான் அடைக்கும். 4 கன மீட்டர் என்பது 240 லிட்டர் சக்கரத் தொட்டி பதினாறுக்குச் சற்று மேல். எதுவானாலும் பின்னின் விளிம்புக்கு மேல் ஒரு விரல்கூட எழக் கூடாது. மேலே பலகை நிறுத்தி உயரம் கூட்டுவதை டிரைவர் ஏற்க மாட்டார்.

கேள்வி: 1960களில் கட்டிய பழைய கராஜை இடிக்கிறோம். சுவர் ஃபைப்ரோ தகடு (இழை கலந்த சிமெண்ட் தகடு). பின்னில் போடலாமா? (டூங்காபி வாசகர்)

பதில்: சாதாரண பின்னில் ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். அந்தக் காலத்து ஃபைப்ரோவில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2003 டிசம்பர் 31 முதல்தான். உறுதி தெரிய வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள்.

கையால் நொறுங்காத வகை 10 சதுர மீட்டர் வரை என்றால் உரிமம் இல்லாதவரும் அகற்றச் சட்டம் இடம் தருகிறது. அதைத் தாண்டினால் உரிமம் பெற்றவர் வேண்டும். ஒரு கார் கராஜின் சுவர்களே 10 சதுர மீட்டரை எளிதில் தாண்டும் என்பதால் உங்களுக்கு உரிமம் பெற்றவர்தான். தகடை உடைக்காமல், துளைக்காமல், நனைத்துக் கழற்றி, 200 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதி ஒட்டி, அதை ஏற்கும் நிலையத்துக்கு அனுப்புவார்கள். உயர் அழுத்த நீரால் கழுவவோ மின்ரம்பத்தால் அறுக்கவோ யாரையும் விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கும், நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகளும் ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

சாதாரண பின்னில் ஒரு துண்டு கண்டுபிடிக்கப்பட்டால் பின் முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகிவிடும், அந்தச் செலவு பின் வாடகையைப் போலப் பல மடங்கு.

பெயிண்ட், கேஸ் சிலிண்டர், கார் பேட்டரி, எஞ்சின் ஆயில் இவையும் பின்னுக்கு ஆகாது. சமூக மறுசுழற்சி மையங்கள் வீட்டாரிடம் இவற்றை இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. லித்தியம் பேட்டரியை ஒளித்துக்கூடப் போடாதீர்கள், நசுங்கினால் லாரியே தீப்பிடிக்கும்.

கேள்வி: யூனிட்டில் இருக்கிறோம். பொது டிரைவ்வேயில் வைக்கலாமா? (வெஸ்ட்மீட் வாசகர்)

பதில்: அது கவுன்சில் நிலம் அல்ல, ஆனால் உங்களுடையதும் அல்ல. கட்டடத்தின் பொது இடங்களைக் கவனிக்கும் ஸ்ட்ராட்டா நிர்வாகியிடம் நாள், நேரம், பின்னின் அளவு எழுதிக் கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கீழே நிலத்தடிப் பார்க்கிங் இருந்தால், மேல் தளம் எத்தனை டன் தாங்கும் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: லாரி வைத்திருக்கும் ஒருவர் பாதி விலைக்கு, கையில் பணம் வாங்கிக்கொண்டு அள்ளிப் போகிறேன் என்கிறார். பெர்மிட்டும் வேண்டாம், பின்னும் வேண்டாம். சரிதானே? (மெரிலேண்ட்ஸ் வாசகர்)

பதில்: அவர் எங்கே கொட்டுகிறார் என்பதே கேள்வி. 1997ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 143, அனுமதி இல்லாத இடத்துக்குக் கழிவு போனால் ஏற்றிச் சென்றவரோடு கழிவின் சொந்தக்காரரையும் குற்றவாளியாக்குகிறது. புதரில் கிடக்கும் குவியலில் உங்கள் முகவரி ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தால் போதும், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். எந்த நிலையத்தில் கொட்டுவார் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நிலையத்தின் எடைச் சீட்டைத் தந்த பிறகே மீதிப் பணம் என்று சொல்லுங்கள். சீட்டுத் தர முடியாதவரிடம் கொடுக்காதீர்கள். கழிவு கொஞ்சம்தான் என்றால் உங்கள் கவுன்சிலின் இலவசப் பெருங்கழிவுச் சேகரிப்பு இந்த ஆண்டுக்கு மீதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டடக் கழிவை மட்டும் பெரும்பாலும் அதில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: இரவில் யாரோ இரண்டு மெத்தைகளை எங்கள் பின்னில் போட்டுவிட்டார்கள். (கிரான்வில் வாசகர்)

பதில்: மெத்தைக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொன்றுக்கும். அந்தக் கட்டணத்தைப் பின்னை வாடகைக்கு எடுத்தவரே கட்ட வேண்டும். தெருவில் வைத்த பின் என்றால் நாள் முடிவில் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுங்கள். பின் ஒரு வாரம் நிற்க வேண்டியதில்லை: உடைத்த பொருளை முற்றத்தில் குவித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னை வரவழைத்து, சனிக்கிழமை நிரப்பி அன்றே எடுக்கச் சொல்லுங்கள். பெர்மிட் நாட்களும் குறையும்.