குட்டை வற்றப்போவது வால்வாக்ஸுக்கு எப்படித் தெரிகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களிடமிருந்து இந்த முறை பாசி பற்றிய கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. வால்வாக்ஸ் என்பது குட்டை நீரில் உருண்டு நீந்தும், பல செல்கள் சேர்ந்த உருண்டை வடிவப் பச்சைப்பாசி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால், முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வால்வாக்ஸ் பாலிலா முறையிலும் பெருகும், பாலின முறையிலும் பெருகும் என்று பாடத்தில் நடத்துகிறோம். எப்போது எது என்று அதற்கு யார் சொல்வது? (ஆசிரியை, பென்னாகரம்)

தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்கின்றன மேடம், அதுவும் ஒரு புரதத்தின் மூலமாக. 1960களில் பாசி ஆய்வாளர்கள் வில்லியம் டார்டனும் ரிச்சர்ட் ஸ்டாரும் கண்டது இது: பாலின நிலைக்கு வந்த ஆண் வால்வாக்ஸ் இருந்த நீரை எடுத்து, சாதாரணமாகப் பெருகிக்கொண்டிருக்கும் வால்வாக்ஸில் ஊற்றினால் அதன் அடுத்த தலைமுறை பாலின நிலைக்கு மாறிவிடுகிறது. அந்த நீரில் இருந்தது சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம், பால்தூண்டி என்று வைத்துக்கொள்வோம். வால்வாக்ஸ் கார்ட்டெரி இனத்தில் இது 10⁻¹⁶ மோலார் அளவிலேயே வேலை செய்கிறது. அதாவது ஒரு சொட்டு நீரில் ஏறக்குறைய 3,000 மூலக்கூறு போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை 52 அடி நிரம்பி நின்றாலும் அத்தனை தண்ணீருக்கும் கால் கிராம்கூடத் தேவைப்படாது!

இதில் கவனிக்க வேண்டியது, தூண்டி பட்ட வால்வாக்ஸ் தான் மாறுவதில்லை, அதன் பிள்ளைகள்தான் மாறுகின்றன. உருண்டைக்குள் இருக்கும் பெரிய இனப்பெருக்க செல்கள் பிளவுபடத் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே தூண்டி வந்து சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், வழக்கமான 16 பெரிய செல்களுக்குப் பதில் பெண்ணில் 35 முதல் 45 முட்டைகள் உருவாகும். ஆணில் மொத்தமே 256 செல், அதில் பாதி விந்துப் பொதிகளாகிவிடும்.

சரி, முதல் ஆண் எங்கிருந்து வரும்? எங்கள் ஊர்க் குட்டை சித்திரையிலேயே வற்றிவிடுகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (விவசாயி, அரூர்)

நேரடித் தொடர்பு உண்டு ஐயா. 1986-ல் டேவிட் கிர்க், மர்லின் கிர்க் இருவரும் வால்வாக்ஸை 42 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தார்கள். ஆண் பெண் வேறுபாடில்லாமல் சாதாரண உடல் செல்களே தூண்டியைச் சுரக்க ஆரம்பித்துவிட்டன. கோடையில் ஆழமில்லாத குட்டைத் தண்ணீர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அப்படி உருவாகும் முதல் ஆண்கள் இன்னும் தூண்டியை விட, குட்டை முழுக்கச் செய்தி பரவிவிடுகிறது. கருவுற்ற முட்டை தடித்த சுவர் கட்டிக்கொண்டு செம்மஞ்சளாகி, காய்ந்த சேற்றிலேயே கிடந்து மழைக்குக் காத்திருக்கும், ஆண்டுக்கணக்கில்கூட. சாதாரண உருண்டைகள் காய்ந்தால் செத்துப்போகும். குட்டையைத் தூர் வாரும்போது ஒரு ஓரத்துச் சேற்றை அப்படியே விட்டுவையுங்கள் என்று நான் ஊர் ஊராகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அணையில் பச்சையாகப் படர்கிறதே, அதுவும் வால்வாக்ஸா? (கிருஷ்ணகிரி)

பெரும்பாலும் இல்லை. பெயின்ட் கொட்டினாற்போல் படர்வது நீலப்பச்சைப் பாசி, அது பாக்டீரியா வகை, பாலினப்பெருக்கமே கிடையாது. மாட்டை அந்தத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

மற்ற பச்சைப்பாசிகளும் இப்படித்தானா? (கல்லூரி மாணவர், ஓசூர்)

ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை, தம்பி. ஈடோகோனியம் என்ற இழைப் பச்சைப்பாசியின் சில இனங்களில் பெண் இழையின் ஒரு செல் வேதிப்பொருளை விட்டு, நீந்தும் ஆண் வித்துகளைத் தன்பக்கம் இழுக்கும். அவை வந்து ஒட்டிக்கொண்டு குள்ள ஆண்களாக வளரும். அந்த ஆண்கள் அருகில் இருந்தால்தான் பெண் செல் பிளந்து முட்டையறை ஆகும், அப்புறம் முட்டை விந்தணுவை அழைக்கும். வால்வாக்ஸில் ஒரே அறிவிப்பு, இங்கே இரண்டு பக்கமும் பேச்சு நடக்கிறது. இதைப் பற்றி ரோவிட்ஷர்-குங்கல், மாக்லிஸ் இருவரும் 1962-லேயே எழுதிவிட்டார்கள், பழசு என்று ஒதுக்காமல் தேடிப் படியுங்கள்.

வால்வாக்ஸை வீட்டிலேயே பார்க்க முடியுமா? (பாலக்கோடு)

மழை பெய்து சில வாரம் ஆன, தெளிந்த குட்டை நீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடுகைவிடச் சிறிய பச்சைப் புள்ளிகள் உருண்டுகொண்டே நகர்ந்தால் அதுதான். லென்ஸில் உள்ளே சில பெரிய பச்சை உருண்டைகள் தெரிந்தால் பாலிலாப் பெருக்கம், செம்மஞ்சள் மணிகள் நிறைய தெரிந்தால் தூண்டி ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டது.