சாட்டா டிஸ்க்ல இருந்து என்விஎம்இ டிஸ்க்குக்கு மாத்தினதும் டெபியன் சர்வர் இனிட்ராம்எஃப்எஸ்லயே நிக்குது

பூட் ஆகாம இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகறப்ப ரூட் பார்ட்டிஷனைத் தேடற குட்டி சிஸ்டம்) ப்ராம்ப்ட்லயே நிக்குது, ரீஇன்ஸ்டால் பண்ணணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம், டேட்டா அப்படியேதான் இருக்கும், க்ரப் (பூட்லோடர்) இன்னும் பழைய டிஸ்கோட யூயூஐடியையே (பார்ட்டிஷனோட அடையாள எண்) குடுக்குது, இனிட்ராம்எஃப்எஸ் அதைத் தேடிக்கிட்டு இருக்கு அவ்வளவுதான். ஆர்சிங்க்ல காப்பி பண்ணேன்னு சொல்றீங்க, அதுல ஃபைல் மட்டும்தான் வரும், புதுசா ஃபார்மேட் பண்ணின பார்ட்டிஷனுக்கு யூயூஐடி வேற. டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கற டிடி கமாண்ட் போட்டிருந்தா யூயூஐடியும் சேர்ந்தே வந்திருக்கும்.

மொதல்ல அந்த ப்ராம்ப்ட்லயே பிஎல்கேஐடி (பார்ட்டிஷன்களையும் அதோட யூயூஐடியையும் காட்டற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க. புது டிஸ்க்கோட ரூட் பார்ட்டிஷன் என்விஎம்இ0என்1பி2 மாதிரி பேர்ல வந்தா ரீபூட் பண்ணி, க்ரப் மெனுல 'இ' அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரில ரூட்=யூயூஐடி இருக்கற இடத்துல /டெவ்/என்விஎம்இ0என்1பி2னு போட்டு எஃப்10 அழுத்துங்க. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

உள்ள போனதும்:

1. எஃப்எஸ்டேப்ல (எந்த பார்ட்டிஷனை எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) புது யூயூஐடி போடுங்க. பூட்/ஈஎஃப்ஐ வரியையும் ஸ்வாப் வரியையும் நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் பூட் ஆகறப்ப ஒன்றரை நிமிஷம் காத்திருக்கும், பூட்/ஈஎஃப்ஐ வரி தப்பா இருந்தா எமர்ஜென்சி மோடுக்கே போயிடும்.
2. அப்டேட்-க்ரப், அப்பறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, இந்த ரெண்டு கமாண்டையும் ஓட்டுங்க.

பிஎல்கேஐடில டிஸ்கே தெரியலைன்னா கதை வேற. இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்ல மாட்யூல்ஸ்=டெப்னு இருந்தா பழைய ஹார்ட்வேருக்கான டிரைவர் மட்டும்தான் உள்ள போயிருக்கும். லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி, சிஎச்ரூட் மூலமா (லைவ் சிஸ்டத்துல இருந்து உங்க டிஸ்க்ல இருக்கற டெபியனுக்குள்ள போற வழி) உள்ள போய், அந்த டெப்பை மோஸ்ட்னு மாத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸை திரும்ப பில்ட் பண்ணணும். எதுவா இருந்தாலும் ரெண்டு மூணு ரீபூட் தாண்டற வரைக்கும் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிடாதீங்க.